கூட்டத்தைப் பார்க்கப் போனவன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேம்ஸி ஃப்ளேவின் பன்றிக்கறி ஆலையிலிருந்து ஒரு வாளி உப்புத்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான் என்றால், முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது என்று தெருவுக்கே தெரியும். பன்றித் தொடைகளை ஊறப்போடுகிற தண்ணீர் அது. ஆலை நிலவறையில் நாள் பூராவும் அதில் கையை விட்டுக்கொண்டு நிற்பது போதாதென்று, வீட்டுக்கும் கொண்டுவந்து சுடவைத்து, அடுப்படியில் நட்டநடுவே உட்கார்ந்து, துணியை நனைத்து நனைத்து முட்டியில் சுற்றிக்கொள்வான். வீடெல்லாம் பன்றி வாடை. அதுவும் கத்தோலிக்கர் இறைச்சியைத் தொடக்கூடாத வெள்ளிக்கிழமையில்.

கார்மெல் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆற்றுக் காற்று மழையைத் தூக்கிக்கொண்டுவந்து ஜன்னலில் அடித்தது. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் அந்த நீட்டிய காலைத் தாண்ட வேண்டியிருந்தது.

"நல்லா ஊறட்டும். அடுத்த ஈஸ்டருக்கு உன் காலையே அறுத்துப் பரிமாறிடறேன். ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்ல."

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் கார்மெல். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமையோட பூட்ஸை மூட்டை கட்டிடுவேன்."

"போன வருஷமும் கட்டினே. அதுக்கு முந்தின வருஷமும் கட்டினே."

"இந்தத் தடவை நான் கட்டல. கிளப்புலயே கட்டிக் குடுத்துட்டாங்க. அடுத்த சீசனுக்கு நான் வேணாமாம்."

கார்மெல் திரும்பிப் பார்த்தாள். அவன் வாளிக்குள் பார்த்துக்கொண்டு துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. அதற்கும் அவன்மேல்தான் எரிச்சல் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் பந்துக்கும்தான் சக்களத்திச் சண்டை. உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் லங்காஷயரிலிருந்து ஒரு கால்பந்து கிளப் ஆள் வந்து, ஜேம்ஸி ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ஆளைக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டான். டெக்லன் அப்போது அம்மா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயசு. குடும்பத்துக்கு வீடு தருகிறோம் என்று அந்த ஊர் கிளப்பில் சொன்னார்கள். வருஷா வருஷம் சொன்னார்கள். வீடு வரவேயில்லை, ஜேம்ஸி மட்டும் கோடைக்குக் கோடை விருந்தாளி மாதிரி வந்து போனான். ஒரே ஒரு தடவை அயர்லாந்து அணிக்கு எடுத்தார்கள். சனிக்கிழமை இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தை முடித்து, ராத்திரிக் கப்பலில் நின்றபடியே வந்து, காலையில் டப்ளினில் பூசை கண்டு, மத்தியானம் ஆடி, தோற்று, அன்றைக்கே கப்பலேறித் திரும்பினான். அதற்கு, நாட்டுக்காக ஆடினவர்களுக்குத் தருகிற குஞ்சம் வைத்த தொப்பி ஒன்று கொடுத்தார்கள். கார்மெல் அதில் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். கடைசியில் முழங்காலைக் கிழித்து உள்ளேயிருந்து என்னத்தையோ எடுத்தார்கள். எடுத்த கையோடு ஆளையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வாரம் பூரா ஆலை, ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர் வாட்டர்ஃபோர்டு அணியில் ரைட் ஹாஃப், வலது பக்க நடு ஆட்டக்காரன்.

அவன் வந்து இறங்கியபோது பிள்ளை துறவிச் சகோதரர்கள் நடத்துகிற பிரதர்ஸ் பள்ளிக்கூடத்தில் ஹர்லிங் மட்டையோடு நின்றான். ஹர்லிங் அயர்லாந்தின் சொந்த ஆட்டம்; அந்த மட்டையைத் தொட்டவன் கால்பந்து ஆடக்கூடாது. அடுத்தவன் ஆடுவதைப் பார்க்கவும் கூடாது. அது இங்கிலீஷ்காரனின் அன்னிய ஆட்டம். பார்த்தது தெரிந்தால் ஹர்லிங் சங்கத்திலிருந்து தூக்கி எறிந்துவிடுவார்கள். இது ஊரறிந்த சட்டம். மழை ஏன் பெய்கிறது என்று யாரும் கேட்பதில்லை, இதையும் கேட்பதில்லை. ஆக, டெக்லனுக்கு இப்போது பத்தொன்பது வயசு, அடுப்பு வார்க்கிற பட்டறையில் வேலை, வருகிற ஜூனில் மாவட்டத்துக்கே ஆடுகிற கவுண்டி அணியின் வெள்ளை ஜெர்சி போடப்போகிறான், ஆனால் தகப்பன் பந்தை உதைத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இன்னும் ஓர் ஆட்டம் போனால் இனிப் பார்க்கவும் முடியாது.

டெக்லன் வந்தான். கை கழுவினான். மூவரும் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பந்துப் பேச்சும் கூடாது, மட்டைப் பேச்சும் கூடாது என்று கார்மெல் என்றைக்கோ போட்ட சட்டம். ஒரு சண்டையை நிறுத்தப் போட்டது. அதற்கப்புறம் அந்த இரண்டு பேருக்கும் பேச வேறு எதுவுமே இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"உன் பிள்ளைகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு" என்றான் ஜேம்ஸி.

"உங்கப்பாவுக்கு உப்பு வேணுமாம்."

டெக்லன் உப்பை அம்மாவிடம் தள்ளினான். அம்மா அப்பாவிடம் தள்ளினாள். மேசை இரண்டு முழம்கூட இருக்காது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குக் கடைசி ஆட்டமாம்டா" என்றாள் கார்மெல்.

"சரி."

"என்னடா சரி? ஒரு தடவை போய்ப் பாக்கக் கூடாதா?"

"அம்மா, வாசல்லயே ஹர்லிங் சங்கத்துக் கண்காணிப்புக் குழு ஆள் நிப்பான். நான் உள்ள கால் வெச்சா ஜெர்சி போயிரும். உனக்குத் தெரியாதா?"

"அவன் வர வேணாம்" என்றான் ஜேம்ஸி. "வந்து என்ன பண்ணப்போறான்? குச்சி வெச்சு ஆடறவனுக்குக் கால் ஆட்டம் என்ன புரியும்?"

"அவர்கிட்ட சொல்லும்மா, எட்டு வருஷம் அங்க ஆடினப்ப என்னைக் கூப்பிட்டா ஆடினார்?"

"போதும்! நடுவுல நான் என்ன தந்திக் கம்பியா? ரெண்டு பேரும் மீனைத் தின்னுங்க!"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இக்னேஷியஸ் டோபின். சாவுச் செலவு இன்சூரன்ஸுக்கு வாராவாரம் சந்தா வாங்க வருகிறவர். வற்றிய மனுஷர், மழைக்கோட்டை ஆணியில் மாட்டி, தொப்பியை மடியில் வைத்து, தேநீர் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். டெக்லன் மட்டையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான். ஜேம்ஸி வாளியைக் கொட்டப் போனான்.

"கால் எப்படி இருக்கு மிஸஸ் ஃப்ளேவின்? போன ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பாதியில அந்தப் பந்தை அவர் இடது பக்கம் தள்ளியிருக்கவே கூடாது. நேரா கொண்டுபோயிருக்கணும். வலி இருந்திருக்கும், அதான் தள்ளிட்டார். தலை நிமிராமலே பார்த்துப் பார்த்துத் தள்ற ஆள் இந்த நாட்டுலயே அவர் ஒருத்தர்தான்."

கார்மெல் தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"மிஸ்டர் டோபின், நீங்க ஹர்லிங் சங்கத்து ஆள்தானே?"

"பின்னே?"

"அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டோபினின் காது சிவந்தது. "நான் டூட்டில போறேன். கண்காணிப்புக் குழு. நம்ம பையன்கள் எவன் வந்திருக்கான்னு பாக்கணுமே. ஆட்டத்தைப் பாக்கக் கூடாது, பாக்கறவங்களைப் பாக்கணும். அதுதான் விதி."

"எத்தனை வருஷமா?"

"உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்த நாள்லேருந்து." கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு ஆட்டம் விட்டதில்ல. இப்ப பாருங்க, கடைசி ஆட்டத்தன்னிக்கு டங்கார்வன்ல சங்கக் கூட்டம், போயே ஆகணும். எனக்குப் பதிலா நிக்க ஆள் கிடைக்கல. எவனுக்கும் ஊர் வாயில விழ இஷ்டமில்ல."

ஊர் பூராவும் ஆட்டத்துக்குப் போகக்கூடாதென்று தடுக்கிற இந்த ஆள் ஒவ்வொரு ஞாயிறும் நிம்மதியாக நின்று தன் புருஷனைப் பார்த்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்குத்தான் கொடுப்பினை இல்லை. கார்மெலுக்கு ஆத்திரம் கிளம்பியது. அந்த ஆத்திரத்திலேயே யோசனையும் வந்தது.

"எங்க டெக்லனைப் போடுங்க."

"என்னது?"

"குழுவுல போடுங்க. உங்களுக்குப் பதிலா அவன் போய் நிக்கட்டும். கவுண்டிக்கு எடுத்த பையன், ஒழுக்கமான பையன், ஊர்ல எல்லா முகமும் தெரியும். அவனைவிட யாரு உங்களுக்கு வேணும்?"

பிள்ளையைத் தகப்பன் ஆட்டத்தைப் பார்க்கவைக்கிற வழி இது என்று டோபினுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் தேநீரைக் குடித்து முடித்தார்.

"திங்கக்கிழமை கூட்டத்துல வந்து யாரைப் பார்த்தேன்னு பேர் சொல்லணும் மிஸஸ் ஃப்ளேவின். அது முக்கியம்."

"சொல்லுவான், சொல்லுவான். ரெண்டு பேர் சொன்னாப் போதாதா?"

அப்புறம் அந்த வீட்டில் ஒரு வாரம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! அதுவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் அவளைத் திட்டுவதில் மட்டும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள்.

"என் பிள்ளை என் ஆட்டத்துக்கே போலீஸ்காரனா வருவானா?" என்று ஜேம்ஸி கத்தினான். "ஆலையில நான் எப்படித் தலை காட்டறது? சொல்லு!"

"என்கூடப் பட்டறையில வேலை செய்யறவனையெல்லாம் நான் காட்டிக்கொடுக்கணுமா?" என்று டெக்லன் கத்தினான். "உனக்கு என்னம்மா பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான்! உங்க ரெண்டு பேரோட குடித்தனம் பண்றவளுக்குப் பைத்தியம் பிடிக்காம என்ன பிடிக்கும்? ஒருத்தன் காலு, ஒருத்தன் குச்சி, நடுவுல நான் துவைச்சுக் காயப்போடறதுக்கு மட்டும்! இதோ பாருங்க. அவன் போகலைன்னா இந்த வீட்டுல இனி எவனுக்கும் சட்டை துவைக்க மாட்டேன், ரொட்டி வாங்கி வைக்க மாட்டேன். உப்பையும் நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க."

வியாழக்கிழமைவரை தாக்குப்பிடித்தார்கள். வியாழக்கிழமை காலையில் ப்ளா ரொட்டி இல்லாத வெறும் மேசையைப் பார்த்துவிட்டு டெக்லன் சொன்னான்: "சரி, போய்த் தொலைக்கிறேன்." மாவு தூவிய அந்தச் சின்ன ரொட்டி இல்லாமல் வாட்டர்ஃபோர்டில் பிறந்த எவனாலும் ஒரு நாளைத் தொடங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தூறல் விட்டு விட்டுப் பெய்தது. கார்மெல் பக்கத்து வீட்டு நோனியை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். கார்மெலும் அங்கே வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஜேம்ஸி விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வருவதை விட்டவள். இன்றைக்கும் அவள் கண் மைதானத்தில் இல்லை. டெக்லன் வலது பக்கக் கோட்டோரம், தடுப்புக் கம்பியில் முதுகைச் சாய்த்து, கூட்டத்தைப் பார்த்து நின்றான். அப்பன் ஆடுகிற பக்கம் அவன் முதுகு.

"அட, டோபினுக்குக் குட்டி பொறந்திருக்குடா!" என்று யாரோ கூவினான்.

"டேய் ஃப்ளேவின், எங்க வீட்டு நாய் பேரையும் சேர்த்துக்கோ, அதுவும் வந்திருக்கு!"

"உங்கப்பன் பேரைச் சொல்லிடாதடா, அவனும் இங்கதான் இருக்கான்!"

சிரிப்பு. டெக்லனுக்குக் கழுத்துவரை சிவந்தது. அசையவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள், எல்லாரும் ஹர்லிங்காரர்கள்.

"பாரு நோனி, திரும்புறானா பாரு. இத்தனை பாடு பட்டு உள்ள கொண்டுவந்து விட்டா, சுவத்தைப் பாக்கற மாதிரி நிக்கறான். அப்பன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு."

"கொஞ்சம் பொறுடி. கழுத்து திரும்புது."

திரும்பத்தான் செய்தது. எதிரணி கோல் போட்டபோது கால்வாசி. ஜேம்ஸி கோல் கோட்டின்மேலிருந்து ஒரு பந்தை வெளியே உதைத்துத் தள்ளியபோது கூட்டம் போட்ட சத்தத்தில் பாதி. இடைவேளைக்கு அப்புறம் அவன் கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடியச் சற்று முன்னால் ஜேம்ஸியின் முட்டி மடங்கியது. சேற்றில் உட்கார்ந்தான். ஸ்பாஞ்சும் வாளியுமாக ஓர் ஆள் ஓடினான். மாற்று ஆளை இறக்குகிற வழக்கமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. அடிபட்டவனை ஓரத்தில் ஒரு தூணாக நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஆடுவார்கள். ஜேம்ஸியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். டெக்லன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு கம்பி. அவ்வளவுதான்.

கார்மெல் நோனியின் கையை உதறிவிட்டு முட்டி மோதிக் கீழே இறங்கி, பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஜேம்ஸி திரும்பாமலே சொன்னான்: "கூட்டத்தைப் பாருடா. அதுக்குத்தானே வந்தே."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் என்ன கூட்டமா?"

"பந்து வருது அப்பா."

வந்தது. யாரோ குருட்டாம்போக்கில் அடித்த பந்து. நொண்டி நிற்கிறவனை எதிரணியில் யாரும் சட்டை செய்யவில்லை. ஜேம்ஸி நெஞ்சில் வாங்கிக் கீழே விட்டான். கெட்ட காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பி, இடது காலால் தூக்கினான். அவன் தலை நிமிரவேயில்லை. பந்து அத்தனை தலைகளையும் தாண்டி, அத்தனை பேரும் விட்டுப்போன ஒரே இடத்தில், சென்டர் ஃபார்வர்டின் நெற்றிக்கு நேராக இறங்கியது.

"அப்பா!" என்று டெக்லன் அலறினான். இரண்டு கையும் தலைக்குமேல். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான்.

அந்த சென்டர் ஃபார்வர்டு மடையன் அதைக் கோல் கம்பத்தில் முட்டினான். ஒரு கோலில் தோற்றார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கார்மெல் முட்டை அவித்தாள். ஜேம்ஸி முழங்காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தான். கதவு திறந்தபோது டெக்லன் தனியாக வரவில்லை. பின்னால் டோபின், மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட, தொப்பி கையில்.

"என்னாச்சு?" என்றாள் கார்மெல்.

"ஒரு வருஷம்" என்றான் டெக்லன். "நீக்கிட்டாங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

டோபின் தொண்டையைச் செருமினார். "நான் எவ்வளவோ எடுத்துக் கொடுத்தேன் மிஸஸ் ஃப்ளேவின். யாரைப் பார்த்தேன்னு கேட்டாங்க. யாரையும் பாக்கலன்னான். கூட்டத்தைச் சுத்திப் பாத்தியாப்பான்னு நானே கேட்டேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. 'இல்ல, எங்கப்பாவைத்தான் பாத்தேன், முழு ஆட்டமும் பாத்தேன்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். அப்புறம் நாங்க என்ன பண்ண முடியும்? நானும் கை தூக்கினேன். தூக்கவேண்டியதாப் போச்சு."

ஜேம்ஸி முக்காலியைத் தட்டிவிட்டு எழுந்தே விட்டான். "அறிவு இருக்காடா உனக்கு? ஒரு பொய் சொல்லத் தெரியாதா? கவுண்டி ஜெர்சிடா! எத்தனை பேர் தவம் கிடக்கறான் அதுக்கு! நேத்து நான் ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமா? பதினஞ்சு வருஷத்துல அவ்வளவு மோசமா நான் ஆடினதில்ல. அதைப் பாக்கறதுக்கா ஜெர்சியைக் கொடுத்தே?"

டெக்லனின் முகம் கோணியது. எல்லாம் கார்மெல் செய்த வேலை. வாயை மூடிக்கொண்டு மீனைப் பொரித்திருந்தால் ஜூனில் பிள்ளை வெள்ளை ஜெர்சியோடு நின்றிருப்பான். அப்படியே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டோபின் போகாமல் நின்றார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கடைசிப் பந்து... ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எந்தக் கால்?"

"மிஸ்டர் டோபின்!" என்று கத்தினாள் கார்மெல். "கையைத் தூக்கிட்டு வந்து என் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு..."

"இடது" என்றான் ஜேம்ஸி.

"வலதுல அடிச்சிருக்கணும்" என்றான் டெக்லன்.

கார்மெல் டோபினைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். திரும்பினால், ஜேம்ஸி பிள்ளையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னே?"

"வலதுல அடிச்சிருக்கணும்னேன். நீங்க உள்ள திரும்பின நேரத்துல அந்த சென்டர் ஃபார்வர்டு நின்னுட்டான். திரும்பாம அடிச்சிருந்தா ஓடிவந்து முட்டியிருப்பான்."

"வலது காலா? அது காலாடா? பன்னித்தொடை! ஊன்றதே பெரும்பாடு."

"ஊனினீங்களே. அதுலதானே ஊனித் திரும்பினீங்க? அதைவிட உதைக்கறது சுலபம்."

"குச்சி பிடிக்கறவன் எனக்குச் சொல்லித்தர்றான் பாரு! இங்க வா. உக்காரு. இப்படி உக்காரு. இந்த முட்டைக் கிண்ணம் நான்..."

"நீங்க அங்க இல்ல, இன்னும் கோட்டோரம்."

"சரி, கோட்டோரம். இந்தக் கத்தி அவங்க ஃபுல் பேக். இந்த ரொட்டி அவன் பக்கத்துல நின்ன தடியன்..."

"அவன் ரெண்டடி பின்னால இருந்தான் அப்பா. நான் பாத்தேனே."

சாப்பாட்டு மேசையில் பந்துப் பேச்சு கூடாது என்று சொல்லக் கார்மெல் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இரண்டு தலைகளும் ஒன்றோடொன்று முட்டாத குறையாக மேசைமேல் கவிழ்ந்திருந்தன. மழை அடித்தது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. அவள் தன்னுடையதை எடுத்து உடைத்து உரித்தாள்.

"அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்றாள்.

இரண்டு பேரும் நிமிரவில்லை.

"உங்களைத்தான். உப்பு!"

"இரு கார்மெல்" என்றான் ஜேம்ஸி, "அதுதான் சென்டர் ஃபார்வர்டு."

"அதைத் தொடாதம்மா" என்றான் டெக்லன்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முட்டையை உப்பில்லாமலே சாப்பிட்டாள்.